ஒரே ஒரு நாற்காலிக்குப் பாடிய ஸ்பீக்கர்

சிக்கல் என்ற ஊரின் பஜாரில் மோட்டார் காயில் கட்டும் வசந்தகுமார், யார் கடைக்கு வந்தாலும் முதலில் கேட்பது "எர்த் இருக்கா?" என்றுதான். வாங்க என்பது கிடையாது, உக்காருங்க என்பது கிடையாது. புகைந்துபோன மோட்டாரை மொபட்டில் கட்டிக்கொண்டு வேர்க்க விறுவிறுக்கத் தோட்டத்திலிருந்து ஒரு சம்சாரி வந்து நிற்பார். இவர் ஸ்க்ரூ டிரைவரைக் காதில் செருகிக்கொண்டு விசாரணையை ஆரம்பிப்பார். "எர்த் இருக்கா? குழி வெட்டி உப்பும் கரியும் போட்டியா? வாரத்துக்கு ரெண்டு குடம் தண்ணி ஊத்துறியா?" வந்தவர் லேசாகத் தலையைச் சொறிந்தால் தொலைந்தார். அரை மணி நேரம் வகுப்பு நடக்கும். வாலிநோக்கத்தில் உப்பு குவியல் குவியலாகக் கிடக்கிறது, ஊரைச் சுற்றிக் கருவேலங்கரி மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது, இந்தச் சீமையில் பிறந்துவிட்டு எர்த் இல்லை என்று சொல்ல வெட்கமாக இல்லையா என்று கேட்டு முடிப்பார். பஜாரில் அவருக்கு எர்த்து என்றே பெயர். "எர்த்து கடைக்குப் போயிட்டு வாரேன்" என்றால் எல்லோருக்கும் புரியும்.

வேலையில் குறை சொல்ல முடியாது. அவர் கட்டிய காயில் பத்து வருடம் ஓடும். வாய்தான் வம்பு. அடுத்தவன் மெஷினில் ஒரு குற்றம் கண்ணில் பட்டுவிட்டால் அதைச் சொல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. கல்யாண வீடாக இருந்தாலும் சொல்லுவார், எழவு வீடாக இருந்தாலும் சொல்லுவார்.

அந்த வாய்தான் ஆறு வருடத்துக்கு முன்னால் சொந்த வீட்டுப் பால்காய்ச்சிலேயே வேலையைக் காட்டியது. மனைவி பூங்கோதைக்கு ஒரே ஒரு அண்ணன். பெயர் சின்னச்சாமி. உத்தரகோசமங்கையில் மைக்செட் வைத்திருக்கிறார். தங்கச்சி புதுவீட்டுக்குப் போகிறாள் என்று ஒரு கல்யாணத்துக்கு வந்த கிராக்கியை விட்டுவிட்டு, நாலு குழாய் ஸ்பீக்கரையும் ஆம்ப்ளிஃபயரையும் வண்டியில் ஏற்றி அவரே கொண்டுவந்து வேப்பமரத்தில் கட்டினார். பாட்டு மூன்று ஊருக்குக் கேட்டது. ஆனால் ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவில் "கர்ர்ர்" என்று ஒரு உறுமல்.

பந்தி நடந்துகொண்டிருந்தது. மச்சான் அப்போதுதான் இலையில் உட்கார்ந்திருந்தார். வசந்தகுமார் சும்மா இருக்கக்கூடாதா? சாட்சிக்கு இருக்கட்டும் என்று போனில் ரெக்கார்டிங்கை வேறு போட்டுக்கொண்டு, இருநூறு பேர் சாப்பிடுகிற இடத்தில் நின்று சத்தமாகச் சொன்னார். "மச்சான், ஒங்க ஆம்ப்ளிஃபயர் செனை எருமை மாதிரி உறுமுதே. எர்த் இருக்கா?"

பந்தி முழுக்கச் சிரித்தது. சின்னச்சாமி சோற்றில் வைத்த கையை எடுத்தார். "எஞ் செட்டு எந்த ஊர்லயும் உறுமுனதில்ல மாப்ள. ஒன் வீட்டுலதான் உறுமுது" என்றார். பாதி இலையில் எழுந்தார். பூங்கோதை பாயாச வாளியோடு பின்னாலேயே ஓடினாள். அவர் மரத்தில் ஏறிக் குழாயை அவிழ்த்துக்கொண்டே, "எஞ் செட்டைக் குத்தம் சொன்ன வீட்டு வாசப்படிய இனி மிதிக்க மாட்டேன்" என்று மரத்தின் மேலிருந்தே சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

போனது போகட்டும் என்றால், அடுத்த மாதம் மகள் மதுமதிக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில்லாமல் காது குத்துகிற வழக்கம் அந்தக் குடும்பத்தில் கிடையாது. வேறு ஒன்றுவிட்ட அண்ணன் மடியில் உட்கார வைக்கலாமே என்று வசந்தகுமார் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "எங்கண்ணன் மடியில்லன்னா எம் பிள்ளைக்குக் காதே வேணாம்" என்றாள் பூங்கோதை. ஒரு வயதில் குத்தவேண்டிய காது மூன்றில் நின்றது, ஐந்தில் நின்றது, இப்போது ஏழும் வந்துவிட்டது. இரண்டாம் வகுப்பில் கம்மல் இல்லாத ஒரே பெண் மதுமதிதான். அவள் அம்மாவின் ஸ்டிக்கர் பொட்டை இரண்டு காதிலும் ஒட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். வேர்வையில் ஒன்று விழுந்துவிடும். ஒற்றைக் காதோடு திரும்பி வருவாள். பூங்கோதை இன்னொரு பொட்டை எடுத்து ஒட்டிவிடுவாள்.

"அடுத்த வைகாசிக்கு முகூர்த்தம் பாத்துட்டேன். எட்டு பொறக்குறதுக்குள்ள குத்தணும். ரெட்டைப்படை வயசுல குத்தக்கூடாது, ஒம்பது வயசுல குத்துனா ஊரு சிரிக்கும்" என்றாள். "போயி எங்கண்ணன்ட்ட ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுட்டு வாங்க."

"மன்னிப்புக் கேட்டா தப்பு எம்மேலன்னு ஆயிரும்ல?"

"ஆகட்டுமே."

"ஆகாது பூங்கோதை. உறுமுனது அவரு செட்டு. ஏங்கிட்ட ரெக்கார்டிங் இருக்கு. போன்ல போட்டா போனைக் குத்தம் சொல்லுவாரு. குத்தமே சொல்ல முடியாத ஒரு ஸ்பீக்கர்ல போட்டுக் காட்டுறேன். அவரு வாயாலயே தப்புன்னு ஒத்துக்கிருவாரு. அப்புறம் நான் அவரை மன்னிச்சிருவேன். காது குத்திரலாம்."

"நீங்க... அவரை... மன்னிப்பீங்களா?" என்று கேட்டுவிட்டு, கையிலிருந்த கரண்டியை ஒருமுறை பார்த்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். நல்லவேளை, கரண்டி அவளோடு போயிற்று.

குத்தமே சொல்ல முடியாத ஸ்பீக்கர் என்று அவர் சொன்னது எலக்ட்ரோஸ்டேட்டிக் ஸ்பீக்கர். போனில் எங்கேயோ வீடியோவில் பார்த்து ஒரு வருடமாக அதே நினைப்பாக இருந்தார். சாதா ஸ்பீக்கரில் காகிதக் கூம்பும் காந்தமும் இருக்கும். இதில் இரண்டுமே கிடையாது. ஓட்டை போட்ட இரண்டு தகரத்துக்கு நடுவில், வெங்காயத்தின் உள்தோலைவிட மெல்லிசான ஒரு பிளாஸ்டிக் தாள். தாளுக்கு ஆயிரக்கணக்கான வோல்ட்டை ஏற்றிவிட்டால், பாட்டுக்குத் தகுந்தபடி அது முன்னும் பின்னும் ஆடும். கூம்பின் கனம் இல்லாததால் பாடுகிறவர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்கும். ஆனால் தவில், உருமி போன்ற கனத்த சத்தம் அந்தத் தாளுக்கு ஆகாது. அதற்காகக் கீழே ஒரு மரப்பெட்டியில் பத்து இஞ்சு ஊஃபரை வைத்தார். மேலே தாள், கீழே பெட்டி. மோட்டார் கட்டுகிறவருக்கு டிரான்ஸ்பார்மர் சுற்றுவது பெரிய காரியமா? தகரத்துக்குப் பூச வார்னிஷும் கடையிலேயே இருந்தது.

மற்றதெல்லாம் கூத்துதான். தாளைச் சுருக்கமில்லாமல் இழுத்துப் பிடிக்க, மேசையைச் சுற்றி சைக்கிள் டியூபை வைத்து, தாளை அதன் மேல் ஒட்டிப் பம்பால் காற்றடித்தார். மூன்று முறை டியூப் வெடித்தது. நாலாவது முறை எதிர்க்கடைக்காரர் பயந்து ஷட்டரை இறக்கிவிட்டார். தாளில் மின்சாரம் ஒட்ட பென்சில் கரியைத் தேய்க்க வேண்டும். மதுமதியின் பென்சில் டப்பா காலியானது. "அய்யா, எம் பென்சிலெல்லாம் ஸ்பீக்கருக்குள்ள போயிருச்சு, நான் எதுல எழுத?" என்று அவள் அழுதாள். உயர்ந்த வோல்ட்டுக்கு மூன்று கொசு பேட்டைப் பிரித்து உள்ளே இருந்த சர்க்யூட்டை எடுத்துக் கோர்த்தார். அதனால் ஸ்பீக்கரை ஓடவிட்டால் தகர ஓட்டையில் நுழைந்த கொசு "பட்" என்று செத்தது. பக்கத்துப் பூக்கடை பஞ்சம்மாள் இதைப் பார்த்துவிட்டு, "பாட்டெல்லாம் வேணாம்யா, சாயந்தரம் ரெண்டு மணி நேரம் இத மட்டும் என் கடைப் பக்கம் திருப்பி வையி" என்றாள்.

போதாததற்கு மிளகாய்க் காலம். பஜாரெங்கும் குண்டுமிளகாய் காய்கிறது. மின்சாரம் ஏறிய தாள், காற்றில் பறக்கிற மிளகாய்த் தூளை ஒன்று விடாமல் இழுத்து ஒட்டிக்கொண்டது. துடைக்கப் போன வசந்தகுமார் நாற்பது தும்மல் தும்மினார். ஒவ்வொரு தும்மலுக்கும் பஞ்சம்மாள் "நூறு" என்று சொல்லி, கடைசியில் அவருக்கு நாலாயிரம் வயது கொடுத்துவிட்டாள்.

ஒன்பது மாதம் ஆயிற்று. ஆளுயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்கள் கடைக்குள் எழுந்து நின்றன. போட்டார். சும்மா சொல்லக்கூடாது, பாட்டு என்றால் அதுதான் பாட்டு. பாடுகிற அம்மாள் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில், தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில், காற்றில் நின்று பாடினாள். வசந்தகுமாருக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒரே ஒரு சங்கடம். அந்த அம்மாள் ஒரே ஒரு நாற்காலிக்குத்தான் பாடினாள். தட்டையான தாள் டார்ச் லைட் மாதிரி நேராகத்தான் சத்தத்தை விடும். நாற்காலியில் உட்கார்ந்தவர் தலையை ஒரு சாண் நகர்த்தினால் பாட்டு பக்கத்துத் தெருவுக்குப் போய்விடும். நாற்காலியின் நாலு காலுக்கும் தரையில் பெயின்டால் வட்டம் போட்டு வைத்தார். பஜாரே வரிசையில் நின்று ஒவ்வொருவராக உட்கார்ந்து கேட்டது. கேட்டுவிட்டு எழுந்த ஒவ்வொருவரும் சொல்லிவைத்த மாதிரி ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்.

"நல்லாத்தான் இருக்கு. சத்தம் பத்தல."

வசந்தகுமாருக்குப் பற்றிக்கொண்டு வரும். "சத்தம் வேற, சுத்தம் வேற. ஏலே, இங்கன வா, உக்காரு. மறுபடி கேளு!" என்று கையைப் பிடித்து இழுப்பார். அவர்கள் போதும் சாமி என்று நழுவிவிடுவார்கள். அந்த ஊரில் பக்கத்து ஊருக்குக் கேட்கவில்லை என்றால் அது விசேஷத்தில் சேர்த்தி இல்லை. அவருக்கும் அது தெரியும். இருந்தாலும் ஒருத்தராவது ஒத்துக்கொண்டால் என்ன?

இதற்கிடையில் பூங்கோதை அண்ணி அமுதவள்ளியோடு போனில் பேசிப் பேசிக் காரியத்தை நகர்த்தியிருந்தாள். குழாயே இல்லாத ஸ்பீக்கர் என்றதும் சின்னச்சாமிக்கு இருப்புக் கொள்ளவில்லை. "வெள்ளிக்கிழமை காலையில வாரேன். ஆனா வாசப்படி மிதிக்க மாட்டேன். சன்னல் வழியாக் கேப்பேன்" என்று சொல்லி அனுப்பினார். புதன்கிழமை வசந்தகுமார் ஸ்பீக்கர்களைத் துணியில் சுற்றிக் குட்டியானை வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். கூடத்தில் இரண்டையும் சன்னலைப் பார்த்துத் திருப்பி நிறுத்தினார். மச்சானின் முகம் எந்தக் கம்பிக்கு நேராக வரும் என்று, பூங்கோதையை வெளியே நிற்க வைத்து அளந்தார். "அண்ணன் உங்களை விட உயரங்க" என்று அவள் நுனிக்காலில் நின்றாள்.

சுவிட்சைப் போட்டார். பாட்டு இன்னும் போடவில்லை.

"கர்ர்ர்."

ஆம்ப்ளிஃபயரை மாற்றினார். கர்ர்ர். வயரை மாற்றினார். கர்ர்ர். கொசு பேட் சர்க்யூட்டைக் கழற்றினார், டிரான்ஸ்பார்மரைத் தள்ளி வைத்தார், டிவியைப் பிடுங்கினார், ஃபிரிட்ஜைப் பிடுங்கினார். உறுமல் கொஞ்சம் குறைந்ததே தவிர நிற்கவில்லை. மறுபடி எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக் கடைக்குப் போய்ப் போட்டார். கிணற்றுக்குள் உட்கார்ந்த மாதிரி அமைதி. வீட்டுக்குக் கொண்டுவந்தார். கர்ர்ர்.

அப்போதுதான் ஆறு வருடத்துக்கு முந்தைய அந்த வார்த்தை மண்டைக்குள் ஒலித்தது. ஒன் வீட்டுலதான் உறுமுது.

மீட்டர் போர்டைத் திறந்து எர்த் கம்பியைப் பிடித்துக்கொண்டு போனார். அது சுவர் ஓரமாக இறங்கி, ஓட்டை வழியாகக் கொல்லைக்குப் போனது. அங்கிருந்து குழிக்குள் இறங்க வேண்டும். ஆனால் அங்கே குழியைக் காணோம். கம்பி அப்படியே மேலேறி, விறைப்பாகக் கொல்லையைக் கடந்து, முருங்கை மரத்தில் மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டு நின்றது. அதன்மேல் அவருடைய இரண்டு கைலி, பூங்கோதையின் சேலை, மதுமதியின் பள்ளிச் சட்டை எல்லாம் காய்ந்துகொண்டிருந்தன.

"பூங்கோதை! இது என்னது?"

"கொடிங்க."

"எப்பக் கட்டுன?"

"பால் காய்ச்சுன மறுநாளே கட்டிட்டேனே. கம்பி சும்மா சுருட்டிக் கெடந்துச்சு. நல்ல கம்பி, துருவே பிடிக்கல. மழைக்காலத்துல மட்டும் சுருக்குன்னு கடிக்கும். ஒங்ககிட்ட எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? வளையல்ல இருக்குற கரண்ட்டுன்னு சொன்னீங்க."

சொல்லித்தான் இருந்தார். வீடு கட்டும்போது எலக்ட்ரீஷியன் எர்த் குழி வெட்ட வந்தபோது, "நீ விடு, ஒனக்கு உப்பு எத்தனை பங்கு, கரி எத்தனை பங்குன்னு தெரியாது. அதை நானே போட்டுக்கிறேன்" என்று விரட்டிவிட்டதும் அவர்தான். பிறகு மறந்துபோனதும் அவரேதான். ஊரெல்லாம் எர்த் இருக்கா என்று கேட்டவர் தன் வீட்டில் மட்டும் கேட்கவில்லை. வீட்டிலிருந்த கசிவு மின்சாரம் முழுக்க மண்ணுக்குப் போகாமல் ஆறு வருடமாகக் கைலிக்குத்தான் போயிருக்கிறது. பெண்டாட்டி பிள்ளைக்கு ஒன்றும் ஆகாமல் இருந்தது எந்தச் சாமி புண்ணியமோ.

மெயினை அணைத்துவிட்டு அந்த நிமிஷமே மண்வெட்டியை எடுத்தார். குழி வெட்டினார், உப்பைக் கொட்டினார், கரியைக் கொட்டினார், குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார். முருங்கையில் இருந்த கம்பியை அறுத்துவிட்டுப் புதுக்கம்பியைக் குழிக்குள் இறக்கினார். சுவிட்சைப் போட்டார். உறுமல் ஒரு பொட்டுக்கூட இல்லை.

நெஞ்சுக்குள் ஒரு கெட்ட யோசனை எட்டிப் பார்த்தது. இப்போது ஸ்பீக்கர் சுத்தம். ரெக்கார்டிங்கிலோ உறுமல் இருக்கிறது. வெள்ளிக்கிழமை மச்சான் சன்னலில் வந்து நிற்பார், கேட்பார், தலையைக் குனிவார். காதுகுத்து நடந்துவிடும். கொடிக் கம்பி எங்கே கட்டியிருந்தது என்று யாருக்குத் தெரியப் போகிறது? அறுத்த கம்பியைச் சுருட்டிக் கருவேலங்காட்டில் எறிந்துவிட்டால் முடிந்தது.

கம்பியைச் சுருட்டினார். தோளில் மாட்டினார். பைக்கை எடுத்தார். பாழாய்ப்போன புத்தி, மெஷினில் ஒரு குற்றத்தைக் கண்டுவிட்டால் அதைச் சொல்லாமல் இருக்க முடியாத புத்தி, வண்டியை நேராக உத்தரகோசமங்கைக்கு விட்டது.

சின்னச்சாமி கடை வாசலில் குழாய்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். தோளில் கம்பியோடு வந்து நிற்கிற மாப்பிள்ளையை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னைக்கு வெள்ளிக்கிழமை இல்லையே. தோள்ல என்ன?"

"கொடிக் கம்பி மச்சான்."

"இங்கன துணி காயப்போட எடம் கெடையாது."

வசந்தகுமார் கம்பியை அவர் காலடியில் வைத்தார். "அன்னைக்கு உறுமுனது ஒங்க செட்டு இல்ல மச்சான். என் வீடுதான். வீட்டுல எர்த் இல்ல. எர்த் கம்பியில துணி காயுது. நான் சொன்னது தப்பு. மன்னிச்சிருங்க."

சின்னச்சாமி கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பார் என்று இவர் நினைத்தார். அவர் சிரிக்கவில்லை. "ஆறு வருசமா எந்த ஊர்ல செட்டுப் போட்டாலும், பாட்டுப் போடுறதுக்கு முன்னால பெட்டி மேல காத வச்சுக் கேக்குறேன் மாப்ள, உறுமுதான்னு. அதுக்கு முன்னால நான் அப்படிக் கேட்டதே இல்ல" என்றார். இப்படி ஒன்று நடந்திருக்கும் என்று வசந்தகுமார் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

மச்சானே மறுபடி கேட்டார். "அன்னைக்கு எத்தனை பேர் முன்னால சொன்ன?"

"ஒரு இருநூறு பேர் இருக்கும்."

"அந்த இருநூறு பேர் முன்னால சொல்லு. எஞ் செட்டுல சொல்லு. வாரேன்."

வைகாசி முகூர்த்தத்தன்று அதே வேப்பமரத்தில் அதே நாலு குழாயைச் சின்னச்சாமி கட்டினார். சுவிட்சைப் போட்டார். உறுமல் இல்லை. மைக்கை எடுத்து மாப்பிள்ளை கையில் கொடுத்தார். வசந்தகுமார் இருமினார். இருமல் மூன்று ஊருக்குக் கேட்டது.

"எல்லாருக்கும் வணக்கம். ஆறு வருசத்துக்கு முன்னால இதே எடத்துல எங்க மச்சான் செட்டைக் குத்தம் சொன்னேன். குத்தம் அவரு செட்டுல இல்ல. எர்த் இல்லாதது... எர்த் இல்லாதது..." ஒருமுறை எச்சில் விழுங்கினார். "எர்த் இல்லாதது என் வீட்டுலதான்."

பின்வரிசையில் அவரிடம் அரை மணி நேர வகுப்பைப் பலமுறை கேட்ட ஒரு சம்சாரி எழுந்தார். கையை வாயருகே குவித்துக்கொண்டு, "உப்பும் கரியும் போட்டியாய்யா?" என்று கத்தினார். இன்னொருவர், "வாரத்துக்கு ரெண்டு குடம் தண்ணி ஊத்துறியா?" என்றார். பஞ்சம்மாள், "பொறந்த சீமைக்கே வெக்கக்கேடு!" என்றாள். அதற்குப் பிறகு சிரிப்பு அடங்கக் கால் மணி நேரம் ஆயிற்று. பூங்கோதை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கூடத்துக்குள் ஓடினாள்.

சின்னச்சாமி செருப்பைக் கழற்றிவிட்டு வலது காலை எடுத்து வைத்து வாசப்படி மிதித்தார். கூடத்தில், உள்பக்கம் திருப்பிய ஸ்பீக்கர்களுக்கு எதிரே, புதிதாகப் போட்ட பெயின்ட் வட்டத்துக்குள் நிறுத்தியிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். மதுமதி அவர் மடியில் ஏறினாள். ஆசாரி ஊசியோடு தயாராக நின்றார். "மொதல்ல அந்த ரெக்கார்டிங்கைப் போடு" என்றார் மச்சான்.

வசந்தகுமார் போட்டார். இலைச் சலசலப்பு கேட்டது, எருமைப் பேச்சு கேட்டது, பந்தியின் சிரிப்பு கேட்டது. பிறகு நாலரை அடி உயரத்தில், காற்றில் நின்று, சின்னச்சாமியே பேசினார். "எஞ் செட்டு எந்த ஊர்லயும் உறுமுனதில்ல மாப்ள. ஒன் வீட்டுலதான் உறுமுது." அந்த மனிதர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! "இன்னொருக்கா போடு" என்றார். போட்டார். "இன்னொருக்கா." ஆசாரி முகூர்த்தம் போகிறது என்று முனகினார். நாலாவது தடவை, மாமனும் மருமகளும் காற்றில் நின்ற மாமனையே வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, ஆசாரி ஊசியை இறக்கிவிட்டார்.

மதுமதி வீரிட்டாள். தெருக்கோடியில் நாய் குரைத்தது.

"சத்தம்னா இதுதான் சத்தம்" என்று மருமகளைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே சின்னச்சாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்த காதும் ஆயிற்று. பிள்ளை கம்மலைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு அழுகையை நிறுத்தியது. மச்சான் நாற்காலியை விட்டு எழுந்து இரண்டு ஸ்பீக்கரையும் சுற்றி வந்தார், தகரத்தை விரலால் தட்டப் போனார், கொசு செத்த கதையை யாரோ சொன்னதும் விரலை இழுத்துக்கொண்டார்.

"நல்லாத்தான் இருக்கு மாப்ள" என்றார். "சத்தந்தான் பத்தல."

வசந்தகுமார் வாயைத் திறந்தார். சத்தம் வேறு, சுத்தம் வேறு என்பதில் ஆரம்பித்து அரை மணி நேரத்துக்கான பதில் நாக்கு நுனியில் தயாராக நின்றது. வாசலில் பாயாச வாளியைப் பிடித்துக்கொண்டு பூங்கோதை மூச்சு விடாமல் அவரையே பார்த்தாள்.

"ஆமா மச்சான்" என்றார். "பத்தல."

பூங்கோதை அண்ணனை இலையில் உட்கார வைத்தாள். சோறு, பருப்பு, பொரியல் எதற்கும் காத்திருக்கவில்லை. அன்றைக்கு விட்டுப்போன பாயாசத்தை முதலில் ஊற்றினாள்.